மஞ்சள் கயிறும் வெள்ளைக்கல் தூளும்

காற்றைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் அன்றைக்கே பதில் எழுதிவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குச் சோம்பல் கிடையாது. "உங்கள் சம்சாரம் ஏன் உங்களோடு இல்லை?" என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். ஊரில் அதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எனக்குப் பைத்தியம் என்றார்கள். அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். நான் கைநீட்டி அடித்தேன் என்று சொன்னவர்களும் உண்டு. ஒன்றும் உண்மையில்லை. உண்மை இதையெல்லாம்விடக் கேவலமானது. வயதாகிவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மல்லசமுத்திரம் பக்கம். கிணறும் காடும் உள்ள குடும்பம். அப்பா என்னைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தது, பையன் தாசில்தாராக வந்து இறங்குவான் என்ற ஆசையில். நான் போய் உட்கார்ந்ததோ காற்றை அளக்கும் உத்தியோகத்தில். "காத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு ஒரு சம்பளமா? நம்மூட்டு எருமை அதைச் சும்மாவே பண்ணுதே!" என்றார். அதற்கப்புறம் என் உத்தியோகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்குக் கொடுத்த இடம் சேலத்துக்கு மேற்கே, இளம்பிள்ளைக்குப் போகும் தடத்திலிருந்து உள்ளே தள்ளிய ஒரு பொட்டல். நாலு காலில் நிற்கும் வெள்ளை மரக்கூண்டு ஒன்று, திசை காட்டும் இரும்புச் சேவல் ஒன்று, பக்கத்தில் இரண்டு அறை வீடு. அவ்வளவுதான். பேர் மட்டும் ஸ்டேஷன். சுற்றிலும் எருக்கஞ்செடியும் கல்லும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஓர் ஆள் கிடையாது.

என் வேலை ஓசோன். பிராணவாயுவேதான், கொஞ்சம் முரடாகிப்போன பிராணவாயு. மேல் வானத்தில் இருந்துகொண்டு வெயிலின் கடுமையைத் தடுக்கிறது. நாம் மூச்சுவிடும் காற்றிலும் துளித் துளி இருக்கிறது. சீமையில் அதை அளக்கப் பெரிய பெரிய கருவிகள் வந்துவிட்ட காலம் அது. எனக்குக் கொடுத்தது தாள். மாவுக் கஞ்சியும் ஓர் அயோடின் உப்பும் தடவிக் காயவைத்த தாள். கூண்டுக்குள் தொங்கவிட்டால் காற்றிலுள்ள ஓசோனுக்குத் தக்கபடி அது நீலமாகும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை நீலம் தீட்டிய ஓர் அட்டையோடு ஒப்பிட்டு எண்ணை எழுத வேண்டும். காலை எட்டு மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தரம். மாதக் கடைசியில் எண்களையெல்லாம் தலைமை ஆபீசுக்கு அனுப்புவேன். 'கிடைத்தது' என்று அச்சடித்த கார்டு ஒன்று வரும். அந்தக் கார்டை நான் இரண்டு மூன்று தடவை படிப்பேன். அச்சடித்த கார்டில் படிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் படிப்பேன்.

அந்த இடத்துக்குத்தான் அவள் வந்தாள். பரமத்தி வேலூர்க்காரி. காவிரித் தண்ணீரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பெண். பச்சையைத் தவிர வேறு நிறம் பார்த்து வளராதவள். வந்த மறுநாள் வாசலில் நின்று நாலு திசையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இங்க பேசறதுக்கு ஆரு இருக்கறாங்க?" என்றாள்.

"ஏன், நானில்லையா?"

"நீங்க பேசவா போறீங்க?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரே நாளில் என்னை எடைபோட்டுவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கண் இருக்கிறதே, அப்படி ஒரு கண்! வெற்றிலை அடுக்குகிற வீட்டில், நிறத்தை வைத்தே இது கொழுந்து, இது முற்றல், இது நாளைக்கு வாடும் என்று பிரித்துப் போட்டுப் பழகிய கண். ஒரு நாள் நான் தாளை அட்டையோடு வைத்து "நாலு" என்று எழுதப் போனேன். தோளுக்குப் பின்னாலிருந்து, "நாலில்லீங்க, அதுக்கு அடுத்தது" என்றாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஐந்துதான். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஐந்து மணித் தாளை அவள்தான் பார்த்தாள். நான் எழுதினேன். என் வாழ்க்கையில் சந்தோஷம் என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்த இரண்டு வருஷம்தான். அதை அப்போது அவளிடம் சொன்னேனா? சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் எங்களுக்கு மேற்கே, கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஒரு வெள்ளைக்கல் சூளை வந்தது. பூமியிலிருந்து மாக்னசைட் என்கிற வெள்ளைக்கல்லை வெட்டி, நிலக்கரி போட்டுச் சுட்டு, பொடியாக்கி மூட்டை மூட்டையாக அனுப்புவார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்கு அது வேண்டுமாம். வைகாசியில் மேல்காற்று கிளம்பியதும் அந்தப் புகையும் தூளும் நேரே எங்கள் தலைமேல் வந்து இறங்கின. சோற்றில் தூள், பாயில் தூள். இரும்புச் சேவல்கூட வெள்ளைச் சேவலாகிவிட்டது. என் தாள் நீலமாவதை நிறுத்திக்கொண்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் மண்டையைக் குடைந்துகொண்டு கண்டுபிடித்தேன். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் தாளின் நீலத்தை வெளுத்துவிடுகிறது. அப்படியானால் தாள் காட்டுவது ஓசோனையா, சூளையையா? சூளைக் காற்று ஒவ்வொரு நாளும் எவ்வளவு வந்து சேர்கிறது என்று தனியாகத் தெரிந்தால்தான் என் எண்ணுக்கு அர்த்தம். அதை அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான், ஒரு சாயங்காலம் அவள் குனிந்து தண்ணீர் மொள்ளும்போது, கழுத்தில் தாலிக்கயிற்றைப் பார்த்தேன். காலையில் மஞ்சள் தேய்த்துக் குளித்தபோது பளீரென்று இருந்த கயிறு, ஆரத்தித் தண்ணீரில் தோய்த்தது மாதிரிச் சிவந்து கிடந்தது. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. சுட்ட வெள்ளைக்கல் தூள் சுண்ணாம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. வேர்வையில் நனைந்து மஞ்சளில் பட்டால் சிவக்காமல் என்ன செய்யும்? தூள் எவ்வளவோ அவ்வளவு சிவப்பு. ஆகா, கருவி கிடைத்துவிட்டது! மனசுக்குள் துள்ளிக் குதித்தேன்.

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்குத் தாளைப் பார்த்து முடித்ததும், "கயித்தக் காட்டு" என்பேன். முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுவாள். சிவப்புக்கு நானே தீட்டிவைத்த அட்டையோடு ஒப்பிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நோட்டில் எழுதுவேன். முதல் நாள், "என்னத்தப் பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் எனக்கு உதவி செய்கிறேன் என்று கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வாள், அல்லது அடிக்கடி கழுவுவாள். அளவு கெட்டுப்போகும். பார்க்கிற பொருளுக்குப் பார்ப்பது தெரியக் கூடாது என்று படித்தவன் நான். பொருள்! அவளைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் கயிறு என்றால் புருஷனுடைய உயிர். அறுந்தாலோ நிறம் கெட்டாலோ அவன் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். அப்படி ஒன்றை வாயால் சொல்லக்கூட மாட்டார்கள், சொன்னால் பலித்துவிடும் என்று பயம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் அம்மாவும் அத்தைகளும் பேசக் கேட்டு வளர்ந்தவன்தானே. தெரிந்த விஷயம் நினைவுக்கே வரவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன்.

அவள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை மஞ்சள் உரசினாள். வெள்ளிக்கிழமை சாப்பிடுவதை நிறுத்தினாள். நான் கேட்கவில்லை. என் நோட்டில் எண்கள் அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

ஆனி மாதம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் பல் கிடுகிடுக்கக் கிடந்தேன். காற்று அந்த வாரம் ஒரே பேயாட்டம், சூளை ராப்பகலாக எரிந்தது. அப்போதும் விட்டேனா? ஐந்து மணிக்குப் படுக்கையிலிருந்தபடியே, "கயித்தக் காட்டு" என்றேன். காட்டினாள். அட்டையில் கடைசி நிறத்தையும் தாண்டிய சிவப்பு. எழுந்து எழுத முடியவில்லையே என்ற எரிச்சலில் "அடக் கடவுளே" என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் ஆடிப் பதினெட்டுக்கு அவளை அழைத்துப்போக அவள் அண்ணன் வந்தார். காவிரியில் குளித்துப் புதுக்கயிறு மாற்றிக்கொண்டு வருவது வழக்கம். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்க. போயிட்டு வாரேனுங்க" என்றாள். நான் தாளை மாற்றிக்கொண்டிருந்தேன். சரி என்று தலையாட்டினேன்.

பத்து நாளில் எனக்குக் காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டது. கடிதம் போட்டேன்: உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, முன்னைவிடத் தெம்பாக இருக்கிறேன், ஆவணி பிறந்ததும் வந்துவிடு. அண்ணன் படித்துக்காட்டியிருக்கிறார். ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. அவள் வரவில்லை.

தீபாவளிக்கு நானே போனேன். விழுந்து விழுந்து கவனித்தாள். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்து, "நல்லா இருக்கறீங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நானில்லாமல் இவளுக்கு இவ்வளவு நிம்மதியா என்று எனக்கு வயிறு எரிந்தது. "கெளம்பு போலாம்" என்றேன். "நான் இங்கயே இருக்கறேனுங்க" என்றாள். ஏன் என்றதற்குத் தரையைப் பார்த்தாள். அண்ணன் என்னைக் கொடிக்கால் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், "வாயவே தொறக்க மாட்டேங்கறா மாப்ள. நீங்க எதாச்சும் சொன்னீங்களா?" என்றார்.

"நான் ஒண்ணுமே சொல்லல மச்சான்" என்றேன். அதுதான் நிஜமும்.

இன்னும் இரண்டு தடவை போனேன். அதே சோறு, அதே பார்வை, அதே "நல்லா இருக்கறீங்க". போதுமடா சாமி என்று நிறுத்திவிட்டேன். இன்னொரு கல்யாணம் பண்ணச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், விரட்டினேன். எட்டு வருஷம் அந்தப் பொட்டலில் தனியாக இருந்தேன். ஐந்து மணித் தாளை நான்தான் பார்த்தேன், நாலா ஐந்தா என்று சந்தேகம் வந்தால் நாலு என்றே எழுதினேன். சில நாள் வாய்விட்டு "நாலா, அஞ்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். ஒரு மனுஷன் தன் குரலையே பல நாள் கேட்காமல் இருந்தால் அந்தக் குரல் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது, பேச ஆரம்பித்தால் முதல் வார்த்தை கரகரத்துத்தான் வரும்.

யுத்தம் வந்தது. சீமைத் தாள் வருவது நின்றது. மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சி நானே தாள் செய்து பார்த்தேன். ஒரு தாளைப் போல இன்னொன்று இல்லை. யுத்தத்துக்கு இரும்பு வேண்டியிருந்ததால் சூளை மட்டும் இரண்டு மடங்காக எரிந்தது. அப்போது பழைய நோட்டுகளைப் புரட்டினேன். அந்த மூன்று மாதச் சிவப்பு எண்கள் கண்ணில் பட்டன. சூளைக் காற்றை அளக்கத் தாளைவிட அது எவ்வளவோ மேல்! வெறும் பருத்தி நூலில் மஞ்சள் தோய்த்து, வேர்வைக்குப் பதில் உப்புத் தண்ணீர் தெளித்து ஜன்னலில் கட்டினேன். சிவந்தது. ஆனால் சுத்தமான காற்றுள்ள இடத்தில் சிவக்காமல் இருக்கிறதா என்றும் காட்டியாக வேண்டும். அப்போதுதான் ஒரு முறை முழுமையாகும். சுத்தமான காற்று எங்கே? காவிரிக் கரையில், கொடிக்காலில்.

இதை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. நூல் கட்டப் போனேன்.

பரமத்தி வேலூரில் இறங்கி, மச்சானிடம் விஷயத்தைச் சொல்லி, கொடிக்கால் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வெற்றிலைக் கொடி படர நட்டிருந்த அகத்தி மரங்களில் வரிசையாகப் பன்னிரண்டு மஞ்சள் நூல் கட்டினேன். கையில் ஒரு சின்ன டப்பா நிறையச் சூளைத் தூள் இருந்தது, ஒப்பிட்டுக் காட்டுவதற்காக. நிமிர்ந்தபோது அவள் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். முன்தலையில் நரை வந்திருந்தது. மரம் மரமாக மஞ்சள் கயிற்றைப் பார்த்து அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஆருக்குங்க வேண்டுதல்? உங்களுக்கு உடம்புக்கு என்னங்க?"

"வேண்டுதலும் இல்ல ஒண்ணும் இல்ல. இது ஆராய்ச்சி" என்றேன். கேட்டதற்கு அன்றைக்கு மட்டும் எப்படியோ பதில் சொல்லத் தோன்றியது. ஒரு நூலில் டப்பாத் தூளைத் தடவித் தண்ணீர் தெளித்தேன். "பாரு. சூளைத் தூளு பட்டா மஞ்சள் செவக்கும். ஆரத்தி மாதிரி. இந்தக் காத்துல தூளு இல்ல, அதனால செவக்காது."

நூல் சிவந்தது. அவள் குடத்தை இறக்கிவைத்தாள். என் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். தன் கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்து, ஒரு சிட்டிகை தூளை அதில் தேய்த்து, குடத்துத் தண்ணீரில் விரலை நனைத்து அதன்மேல் வைத்தாள். அந்த இடம் மட்டும் சிவந்தது. விரலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செவந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"எனக்கு என்ன ஆகும்?"

"நெசமாங்களா?"

"நெசமாத்தான்."

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அன்னாடும் பாத்துட்டு மூஞ்சியச் சுருக்கிச் சுருக்கி எழுதுனீங்களே... உங்க நாளு கொறையறத எழுதறீங்கன்னு நெனச்சேனுங்க."

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கயிறு சிவக்கச் சிவக்க எனக்குக் காய்ச்சல் வந்தது. அவள் வேலூருக்கு வந்ததும் புதுக்கயிறு மஞ்சளாகவே நின்றது. பத்தே நாளில் எனக்கு உடம்பு தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. அவள் பக்கத்தில் இருந்தால் எனக்கு ஆகாது, தள்ளி இருந்தால் நான் நன்றாக இருப்பேன். ஒவ்வொரு தடவையும் நான் குண்டுக்கல் மாதிரி வந்து நின்றது அவளுக்கு அத்தாட்சி. "வாயில சொன்னா பலிச்சிரும்னு சொல்லலீங்க" என்றாள்.

வரப்பில் உட்கார்ந்தேன். இரண்டு இடத்தில் பார்த்து, ஒப்பிட்டு, ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவுக்காகத் தன் வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறாள். என்னைவிடச் சுத்தமாக வேலை செய்தவள் அவள்தான். அவளுக்கு இல்லாதது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை என் வாயில் இருந்தது.

"அந்த நோட்டுல நான் இருக்கறேனுங்களா?" என்று கேட்டாள்.

பையில்தான் நோட்டு இருந்தது. எடுத்துப் படித்துக்காட்டினேன். தேதி, காற்றின் திசை, தாள், கயிறு. கயிறு யாருடையது என்று ஓர் இடத்திலும் இல்லை. கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் சோறு போட்டாள். "எங்கூட வந்துரு" என்றேன். கரகரத்த குரலில்தான் வந்தது. "அம்மா படுத்த படுக்கையா இருக்கறாங்க. அவங்களைப் பாத்துக்கோணுமுங்க" என்றாள். அம்மா காலமானபின் கூப்பிட்டதற்கு அண்ணனுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்றாள். அதன்பிறகு கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. என் நூல் முறையை அச்சில் போட்டார்கள், பெரிய இடங்களிலிருந்து கடிதங்கள் வந்தன, பெரிய ஊருக்கு மாற்றலும் வந்தது. எல்லாக் கடிதத்துக்கும் அன்றன்றைக்கே பதில் எழுதினேன்.

நூல் கட்டப் போன அன்று சாயங்காலம் நாமக்கல் பஸ்ஸுக்கு நான் ரோட்டில் நின்றபோது அவளும் கூட வந்து நின்றாள். ஒரு கவுளி வெற்றிலையை ஈரத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். மணி ஐந்து இருக்கும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அந்த எட்டு வருசமும் நான் உங்ககூடவே இருந்திருக்கலாமுங்களா?"

ஆமாம் என்பதுதான் சரியான விடை. அவளுக்கு நான் தர வேண்டியிருந்த ஒரே விடையும் அதுதான்.

"பஸ்ஸு வந்துருச்சு" என்றேன்.